முகத்தில் திரும்பத் திரும்ப வரும் தடிப்பு

(சங்கத்தின் வெள்ளிவிழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



'கல்வியும் சமுதாய முன்னேற்றமும்' என்னும் தலைப்பில் உரையாற்ற வேண்டுமென்று செயலாளர் அவர்கள் அன்புடன் பணித்தார்கள். அத்தலைப்பை மாற்றித் தருமாறு வேண்டிக்கொண்டோம். முகத்தில் வரும் தடிப்பைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் அவர் சற்றே திகைத்தார். வெள்ளிவிழா மேடையில் சொறி, படை பற்றிய பேச்சா என்று நீங்களும் வியக்கலாம். ஆயினும், எம் பள்ளியில் நன்கு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி பத்தாம் வகுப்பின் நடுவில் இருபத்திரண்டு நாள்கள் பள்ளிக்கு வராமற்போனது இந்தத் தடிப்பினால்தான். அதற்குக் காரணமானவர்களுள் இப்பொழுது உங்கள்முன் நிற்கும் நாமும் ஒருவர். ஆகவே இதைப் பேசாமல் வேறொன்றைப் பேச எமக்கு மனம் ஒப்பவில்லை.

நிகழ்ந்ததை முதலில் சொல்லிவிடுகின்றோம். அம்மாணவியிடமும் அவருடைய தாயாரிடமும் இசைவு பெற்றே சொல்கின்றோம். பெயரை மட்டும் சொல்லமாட்டோம்.

ஆண்டுவிழாவிற்கு விருந்தினர் வரும்பொழுது வாயிலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்கச் சில மாணவியரை நிறுத்துவது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம். அவ்வாண்டு எட்டுப் பேர் கொண்ட பட்டியலை ஆசிரியை ஒருவர் எம்மிடம் கொண்டுவந்தார். நாம் அதைப் படித்துப் பார்த்து ஒப்பமிட்டோம். அந்த எட்டுப் பேரும் சிவந்த நிறத்தவர் என்பது அப்பொழுது எம் கண்ணில் படவில்லை. கண்ணில் படவில்லை என்று சொல்வதும் முழு உண்மையாகாது. பட்டும் அது தவறென்று தோன்றவில்லை என்பதே உண்மை. முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் பட்டியல்கள் எழுதப்பட்டு வந்தன. நாமும் அவற்றில் ஒப்பமிட்டு வந்தோம். இம்மாணவிதான் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர். வாயிலில் நிற்க அவர் பெயர் இல்லை. அவர் கேட்கவுமில்லை, அழவுமில்லை. வீட்டிற்குச் சென்று, அக்காளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக வாங்கி வைத்திருந்த களிம்பை எடுத்துத் தம் முகத்தில் தடவத் தொடங்கினார்.

முதல் பத்து நாள்களில் முகம் வெளுத்தது. பருக்கள் அடங்கின. தோழியர் பாராட்டினர். மூன்று திங்கள் கழித்துக் களிம்பு தீர்ந்தது, வாங்கக் காசில்லை. நான்காம் நாளே கன்னங்கள் சிவந்து, தீப்பட்டதுபோல் எரிந்து, நெற்றியெங்கும் சீழ்க்கொப்புளங்கள் கிளம்பின. தாயார் கூலிப் பணத்தில் மீண்டும் ஒரு குழாய் வாங்கிக் கொடுத்தார். இரண்டே நாளில் அடங்கிவிட்டது. நிறுத்தினால் திரும்பவும் வந்தது. இப்படியே ஓராண்டு கழிந்தது. முடிவில் தடவினாலும் எரிந்தது, தடவாவிட்டாலும் எரிந்தது. வெயிலில் நிற்க முடியாமல், வகுப்பில் மற்றவர் கண்களைத் தாங்க முடியாமல், அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

வகுப்பாசிரியையும் நாமும் வீட்டிற்குச் சென்றபொழுது அத்தாயார் எங்களிடம் அந்தக் குழாயைக் காட்டி, "சார், இது இல்லேன்னா என் பொண்ணு மொகமே இல்லே, இது தீந்து போச்சு" என்று கண்ணீர் விட்டார். அதை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்த எமக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே மருந்தைத்தான் நாமும் இரண்டாண்டுகளாக, மழிப்பதால் வந்த சினப்பு என்று எண்ணிக்கொண்டு, மூக்கோரத்தில் தடவி வந்தோம். அதை எமக்குக் கொடுத்தவர் மருத்துவர் அல்லர். மருந்துக் கடையில் எடுத்துக் கொடுக்கும் இளைஞர். பட்டமும் பயிற்சியும் பெற்ற தலைமையாசிரியரும் எழுத்தறியாத அத்தாயாரும் இந்த ஒரு செய்தியில் ஒரே வகுப்பு மாணவர்களாகவே இருந்தோம்.

இனி அக்களிம்பில் இருந்தது என்ன என்பதைப் பார்ப்போம். அது ஸ்டீராய்டு வகை மருந்து. 1952ஆம் ஆண்டில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்பதைத் தோலின்மேல் பூசிப் பயன்காணலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் காட்டிய நாள் தொட்டு, தோல் மருத்துவத்தில் இவ்வகைக் களிம்புகள் பெரும் துணையாக விளங்கி வருகின்றன. முறையாகப் பயன்படுத்தினால் இது நஞ்சன்று, நல்ல மருந்தே. இவ்வுரையைக் கேட்டுவிட்டு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் உறிஞ்சு மருந்தை எவரும் நிறுத்திவிட வேண்டா என்று இங்கேயே எச்சரிக்கின்றோம். கேடு மருந்தில் இல்லை. வலுமிக்க மருந்தை, முகத்தில், மாதக்கணக்கில், கேட்பாரின்றிப் பூசுவதில் உள்ளது.

முகத்தோல் மெல்லியது. முன்கையில் பூசிய மருந்து உட்புகும் அளவைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு நெற்றியில் உட்புகுகின்றது என்பது 1967ஆம் ஆண்டிலேயே அளந்தறியப்பட்ட செய்தி. இம்மருந்து தோலடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றது. அதனால்தான் முகம் வெளுத்தாற்போல் தோன்றுகின்றது. அதை அழகு என்று நாம் மயங்குகின்றோம். நாளடைவில் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிகின்றது. குழாய்கள் சுருங்கியே பழகிவிடுகின்றன. மருந்து நின்றவுடன் அவை அத்தனையும் ஒருசேர விரிந்து சிவந்து எரிகின்றன. அந்த எரிச்சலைப் பழைய நோய் திரும்பிவிட்டதாக எண்ணி மீண்டும் பூசுகின்றோம். கள்ளுக்கடைக்குப் போய்ப் பழகியவன் போகாத நாளில் கைநடுங்குவதும், அந்த நடுக்கத்திற்கு மருந்தாக மீண்டும் அங்கேயே போவதும் நீங்கள் அறியாததன்று. தோலுக்கும் அப்படியொரு பழக்கம் உண்டாகிவிடுகின்றது. பரு, மீசை தாடிபோல மயிர் முளைத்தல், ஆங்காங்கே வெள்ளைத் திட்டு, கண்ணிமையில் தொடர்ந்து பூசினால் கண்ணழுத்தம், புரை என்று தொல்லைகள் மேலும் உண்டு.

இது எம் பள்ளியில் மட்டும் நிகழ்ந்ததன்று. நம் நாட்டின் 12 மருத்துவ மையங்களில் முகத்தோல் நோயுடன் வந்த 2926 பேரை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், 433 பேர் இவ்வகைக் களிம்பைப் பூசி வந்தவர்களாக இருந்தனர். அவர்களுள் ஐவருக்கு மூவர் வீதம் அதை மருத்துவர் அல்லாதார் சொற்கேட்டே வாங்கியவர்கள். நடுவண் அரசு 2018ஆம் ஆண்டில் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. சீட்டுக் கேட்கும் கடைக்காரர் எத்தனை பேர் என்பதை நீங்களே உங்கள் தெருமுனைக் கடையில் கண்டறியலாம்.

குழாயின்மேல் உள்ள பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர், அதை விட்டுவிடுங்கள். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன், குளோபீட்டசோல் ஆகியவை ஸ்டீராய்டுகள். குளோபீட்டசோல் இவற்றுள் மிக வலியது. இங்கே ஒரு குழப்பம் உண்டு. குளோட்ரிமசோல் என்று வேறொரு மருந்து இருக்கின்றது; அது படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்வது. ஒலியில் இரண்டும் உடன்பிறந்தார் போலிருக்கும். செயலில் ஒன்றுக்கொன்று பகை. இவ்விரண்டையும் ஒரே குழாயில் அடைத்து விற்கும் கொடுமையும் உண்டு. படர்தாமரையின்மேல் அதைப் பூசினால் அரிப்பு உடனே அடங்கும். அடியில் பூஞ்சை படர்ந்துகொண்டே போகும். குடும்பமே மாறி மாறிச் சொறியும். மங்கு என்னும் கருந்திட்டுக்கென மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக்கொடுக்கும் மும்மருந்துக் கலவை ஒன்றும் உண்டு: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்தது. அதைத்தான் நம் பிள்ளைகள் 'சிவப்பாக்கும் களிம்பு' என்று ஆண்டுக்கணக்கில் பூசுகின்றார்கள்.

முகத்தில் வரும் தடிப்பெல்லாம் ஒன்றன்று என்பதை அடுத்துச் சொல்ல வேண்டும். மூக்கோரம், புருவம், காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிவந்து செதில் உதிருமானால் அது பெரும்பாலும் தலைப்பொடுகின் உறவு. எமக்கு இருந்தது அதுவே. எண்ணெய் வழிய வழிய வைத்தால் அது கூடும், குறையாது. சிறுவர் கன்னத்தில் வெளிறிய திட்டுகள் தோன்றினால் உடனே 'பூச்சித் தேமல்' என்று குடற்புழு மாத்திரை தேடுகின்றோம். அது வறண்ட தோலினால் வருவது. பெரும்பாலும் வளர வளரத் தானே மறையும். ஆனால் வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் அதைத் தேமல் என்று விட்டுவிடலாகாது. அது தொழுநோயாக இருக்கலாம். அதற்குரிய கூட்டு மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றது. தொடக்கத்திலேயே உண்டால் உறுப்புக்குக் கேடில்லாமல் முழுதும் குணமாகின்றது. மறைப்பதனால்தான் கேடு. இளம்பெண்களுக்கு இரு கன்னங்களிலும் மூக்கின்மேலும் சிறகு விரித்தாற்போல் சிவந்து, மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்தல் ஆகியனவும் சேர்ந்தால் அது தோலோடு நிற்கும் நோயன்று. நாள் கடத்தாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

களையெடுக்கச் செல்லும் தாய்மார்களுக்கு ஒரு சொல். கண்ணிமை வீங்கி, முகமும் கழுத்தும் முழங்கையும் தடித்து, காட்டுவேலைக்குப் போகும் நாள்களில் மட்டும் அது மிகுமானால், பார்த்தீனியச் செடியை ஐயுறுங்கள். வெள்ளைப் பூக்கள் பூத்து, தரிசிலும் பாதையோரத்திலும் மண்டிக் கிடக்கும் அச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் நாட்டில் பரவியது. அதன் தூள் காற்றில் பறந்து வந்து படிந்தாலே போதும். வெறுங்கையால் பிடுங்காதீர்கள். வேலை முடிந்ததும் முகம் கழுவி, உடுத்த துணியைத் தனியே அலசுங்கள். பள்ளி வளாகத்தில் அச்செடியைப் பிள்ளைகளைக் கொண்டு பிடுங்கச் செய்யும் வழக்கத்தை எம் பள்ளியில் நிறுத்திவிட்டோம். மற்றப் பள்ளித் தலைமையாசிரியர்களும் இதைக் கருதிப் பார்க்க வேண்டுகின்றோம்.

இனி அம்மாணவியின் செய்திக்கு வருவோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்கு அவரைத் தாயாருடன் அழைத்துச் சென்றோம். எங்களைச் சோதித்த அம்மையார் குழாயைப் பார்த்தவுடனேயே செய்தியைப் புரிந்துகொண்டார். களிம்பை நிறுத்திவிடச் சொன்னார். நெடுநாள் பூசியவர்களில் சிலர்க்கு உடனே நிறுத்துவதும், சிலர்க்கு வலிமை குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக விடுவதும் உண்டென்றும், அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டுமென்றும் விளக்கினார். உட்கொள்ள மாத்திரையும், பூச ஸ்டீராய்டு அல்லாத ஒரு மருந்தும், மணமற்ற ஈரப்பசைக் களிம்பும் எழுதிக் கொடுத்தார். பிறகு தாயாரைப் பார்த்து, "அடுத்த சில வாரம் இப்ப இருக்கிறதைவிட மோசமாத்தான் இருக்கும்மா. அப்ப பழைய டியூபைத் தேடக்கூடாது" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிராவிட்டால் மருத்துவம் தோற்றிருக்கும் என்று நாம் உறுதியாக நம்புகின்றோம்.

சொன்னபடியே ஐந்தாம் நாள் முகம் வீங்கியது. எட்டாம் நாள் கொப்புளங்கள் வெடித்து நீர் வடிந்தது. இரவில் உறக்கமில்லை. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அக்கி என்று காவி எழுதச் சொன்னவர் உண்டு. எலுமிச்சைச் சாறு பூசச் சொன்னவரும் உண்டு. எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துப்போகும் என்பதை இங்கே சொல்லி வைக்கின்றோம். பத்தாம் நாள் தாயார் மனம் உடைந்து பழைய களிம்பை வாங்கி வரக் கடைக்கே போய்விட்டார். வகுப்பாசிரியை அவரை வழியில் கண்டு, வீட்டிற்கு அழைத்து வந்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை அப்பிள்ளையின் முகத்தில் வைத்து, இரவு ஒன்பது மணிவரை உடனிருந்தார். அந்த ஆசிரியை இச்சங்கத்தின் மாலைப் பள்ளியில் படித்தவர் என்பதை மகிழ்வுடன் குறிப்பிடுகின்றோம். ஆறாம் வாரத்தில் எரிச்சல் தணிந்தது. முற்றும் அடங்க ஐந்து திங்களாயிற்று. இடையில் அரசுப் பொதுத்தேர்வு அனுமதிச் சீட்டுக்குப் புகைப்படம் எடுக்க வேண்டியிருந்தது. தள்ளிப்போடலாமா என்று கேட்டோம். "எடுத்துடுங்க சார், இதுவும் நான்தானே" என்றார். அந்தச் சிவந்த முகத்தோடுதான் அவருடைய சீட்டில் படம் இருக்கின்றது.

தடிப்பு திரும்ப வராமல் காக்க மருத்துவர் சொன்னவையும், எம் பட்டறிவில் கண்டவையும் சில உண்டு. முகத்தை நாளைக்கு இருமுறை குளிர்ந்த நீராலோ வெதுவெதுப்பான நீராலோ கழுவினால் போதும். அழுக்கென்று எண்ணித் தேய்க்கத் தேய்க்கப் புண்தான் மிகும். துண்டால் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள். வாசனை சோப்பு, முகமாவு, வெளுப்புப் பொடி, அழகு நிலையத்து ஆவி ஆகியவற்றை அடங்கிய பின்னரும் சில மாதங்கள் ஒதுக்கி வையுங்கள். ஒட்டுப்பொட்டு, குங்குமம், தலைச்சாயம் ஆகியவற்றாலும் சிலர்க்குத் தடிக்கும். பொட்டு வைத்த இடத்தில் அரிப்போ வெண்மையோ கண்டால் அதை மாற்றுங்கள். புதிதாக எதையேனும் முகத்தில் போட வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், முதலில் முழங்கை மடிப்பில் சில நாள் பூசிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தலைமையாசிரியர் என்றால் குறிப்பேடு இல்லாமல் முடியுமா? ஒரு நாற்பது பக்க நோட்டில் தடிப்பு வந்த நாள், அதற்கு முந்திய இரண்டு நாளில் பூசியது, சென்ற இடம், வெயில், உறக்கம் ஆகியவற்றை எழுதி வரச் சொன்னோம். மூன்று மாதத்தில் அம்மாணவியே, வெயிலில் நின்று இறைவணக்கம் பாடும் நாள்களிலும் விறகடுப்பின்முன் அதிகநேரம் இருந்த நாள்களிலும்தான் சிவக்கிறதென்று கண்டுபிடித்துவிட்டார். எந்த மருத்துவரும் இதை அறிந்து சொல்லியிருக்க முடியாது.

உணவைப் பற்றி வீண் அச்சம் நம்மிடம் மிகுதி. கருவாடு, கத்தரிக்காய், முட்டை எல்லாவற்றின்மீதும் பழி விழுகின்றது. சத்துணவில் தரும் முட்டையைச் 'சூடு' என்று ஒதுக்கும் மாணவியரை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம். குறிப்பிட்ட ஒன்றை உண்ணும்பொழுதெல்லாம் தடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படியில்லாமல் முட்டையை விடுவது நட்டம்.

வெயிலுக்குக் குடை பிடியுங்கள். காலை பத்து மணி முதல் மாலை மூன்று மணி வரை கட்டாயம் பிடியுங்கள். விலை கொடுத்து வெயிற்காப்புக் களிம்பு வாங்க இயலுவோர் மருத்துவரைக் கேட்டு வாங்கலாம். இயலாதோர்க்குக் குடையும் முந்தானையும் போதும். குடை என்று சொல்லும்பொழுது ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தம் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கின்றார். ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது, செருப்பணியலாகாது என்பது அவற்றுள் ஒன்று. பெண்கள் பூச்சூடலாகாது, மஞ்சள் பூசலாகாது என்பது மற்றொன்று. மஞ்சள் பூசினால் அடித்தார்கள். இன்று வெளுப்புக் களிம்பைப் பூசு என்று தொலைக்காட்சியில் கொஞ்சிச் சொல்கின்றார்கள். 1975ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஒரு முகப்பூச்சின் பெயரில் நாற்பத்தைந்து ஆண்டுகள் இருந்த 'சிவப்பழகு' என்னும் பொருள்படும் சொல்லை 2020இல் எடுத்துவிட்டார்கள். அது ஸ்டீராய்டு கலந்ததன்று. ஆனால் நம் பிள்ளைகளை மருந்துக்கடை வரையில் நடத்திச் சென்ற ஆசையை வளர்த்ததில் இத்தகைய விளம்பரங்களுக்குப் பங்குண்டு. ஆண்டுவிழாப் பட்டியலுக்கும் பங்குண்டு என்பதை முன்னரே ஒப்புக்கொண்டோம். இப்பொழுது அப்பட்டியல் சீட்டுக் குலுக்கி எடுக்கப்படுகின்றது. முதல் ஆண்டில் விருந்தினர் ஒருவர் புருவத்தை உயர்த்தினார். நாம் காணாததுபோல் இருந்துவிட்டோம்.

எம் மூக்கோரத் தடிப்பைப் பற்றிக் கேட்பீர்கள். அது முற்றும் நீங்கவில்லை. நீங்காது என்றே மருத்துவர் சொன்னார். கீட்டோகோனசோல் கலந்த நுரைக்குழம்பை வாரம் இருமுறை தலையிலும் புருவத்திலும் தேய்த்து ஐந்து நிமிடம் வைத்துக் கழுவச் சொன்னார். அடங்கிய பின் வாரம் ஒருமுறையோ இருவாரத்திற்கு ஒருமுறையோ போதும். மார்கழிக் குளிரிலும், பொதுத்தேர்வு முடிவு வரும் வாரத்திலும் தவறாமல் எட்டிப் பார்க்கின்றது. முன்பெல்லாம் அதை ஒரே இரவில் ஒழித்துக்கட்ட நினைத்துக் கடைக்கு ஓடுவோம். இப்பொழுது இரண்டு வாரம் பொறுத்துக்கொள்கின்றோம், தானே அடங்குகின்றது.

அம்மாணவி தேர்ச்சி பெற்று மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கின்றார். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் இன்னும் தெரிகின்றன. அவை எளிதில் போகா என்கின்றார் மருத்துவர். இன்று இக்கூட்டத்திற்கு அவர் வந்திருக்கின்றார். எங்கே அமர்ந்திருக்கின்றார் என்று தேடாதீர்கள்.

செயலாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம்; அவரும் இசைந்தார்கள். இன்று மாலையிலிருந்து ஞாயிறுதோறும் மாலைப் பள்ளிக் கூடத்தில் ஒரு மேசை போடப்படும். உங்கள் வீட்டில் முகத்தில் தடவும் எந்தக் குழாயையும் கொண்டு வாருங்கள். தீர்ந்துபோன வெறுங்குழாயாக இருந்தாலும் சரி. பொடி எழுத்தில் உள்ள பெயரை மேல்நிலை வகுப்பு மாணவியர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொல்லித் துண்டுத்தாளில் எழுதித் தருவார்கள். மருந்து தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஸ்டீராய்டு என்று தெரிந்தால் அத்தாளை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். நெடுநாள் பூசியிருந்தால் அவரைக் காணும் முன் நீங்களாக எதையும் செய்துவிடாதீர்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தனியே போகத் தயங்குவோர் பெயர் கொடுத்தால், வகுப்பாசிரியையோ நாமோ உடன் வருகின்றோம். காலை ஏழரை மணிப் பேருந்தில் சென்றால் சீட்டு வாங்கும் வரிசையில் முன்னால் நிற்கலாம்.